கடல்பசுவுக்கு யானை என்ன உறவு?

கேள்வி: கரையில் ஒதுங்கிய ஆவுளியாவைப் (கடல்பசுதான்) பார்த்துவிட்டு வந்த என் மகன், அது யானைக்குச் சொந்தம் என்கிறான். மாமனாரோ மீன் என்கிறார். யார் சொல்வது சரி? - வாசகி, தொண்டி

பதில்: பையன் பக்கம்தான் நியாயம், மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆவுளியாவுக்குச் செவுள் கிடையாது, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டுப் போகும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும், அந்தப் பால்காம்பும் யானைக்கு முன்னங்கால் பக்கம் இருப்பதுபோல இதற்குத் துடுப்புக்குக் கீழே அக்குளில்தான் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்குச் சின்னதாகத் தந்தம்கூட உண்டு! அதற்காக யானையே கடலில் இறங்கி இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் ஆதியில் ஒரே பாட்டி, அவ்வளவுதான். ஆவுளியா வம்சத்தில் நாலு காலில் நடந்த பிராணியின் எலும்புகள் ஜமைக்காவில் கிடைத்தன, வயது சுமார் 5 கோடி ஆண்டு. பின்னங்கால் போய்விட்டாலும் இடுப்பெலும்பின் மிச்சம் இன்னும் உடம்புக்குள் இருக்கிறது.

கேள்வி: 'வலுத்ததுதான் வாழும்' என்று டார்வினே சொல்லிவிட்டார் என்கிறார் ஒரு விசைப்படகுக்காரர். நிஜமா? - வாசகர், பாம்பன்

பதில்: அவர் மனசில் இருப்பது 'தக்கது பிழைக்கும்' என்ற சொற்றொடர், அதுவே டார்வினுடையது இல்லை. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி எழுதியது, டார்வின் பிறகு எடுத்துக்கொண்டார். தக்கது என்றால் வலுத்தது இல்லை, சூழலுக்குப் பொருந்துவது. கடற்புல் அழிந்துபோனால் 300 கிலோ ஆவுளியாவும் பட்டினிதான். இந்தச் சொற்றொடரைத் திரித்துத்தான் சிலர் ஏழையை ஒதுக்கவும் அடுத்தவன் நாட்டைப் பிடிக்கவும் நியாயம் பேசினார்கள். அப்புறம், படகுக்காரரிடம் அந்த 1864ஐ மறக்காமல் சொல்லுங்கள்.