வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வரும் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு ஆக்சிலரேட்டர் திட்டங்களால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். இக்கல்லூரிகளின் பட்டதாரிகளுக்கான ஆக்சிலரேட்டர் ஒன்றில், அதாவது புதிய நிறுவனங்களுக்குச் சில மாதம் பயிற்சி தந்து முதலீட்டாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் திட்டத்தில், வழிகாட்டியாக வரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். "இவர்களுக்கென்று தனியாக ஒரு திட்டம் எதற்கு? நான் போய் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்பது அவர் கேள்வி.

பயன் உண்டு, தயங்காமல் போங்கள். ஆனால் சொல்லிக்கொடுப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். நான் அட்லாண்டாவில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். சில ஆண்டுகளாக இத்தகைய நிறுவனர்களோடு வார இறுதிகளில் உட்கார்ந்து ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் பார்த்துவருகிறேன். இவர்களுக்குப் பாடம் நடத்த ஆள் நிறைய இருக்கிறார்கள். முதல் பணம் தருபவரும் முதல் ஆர்டர் தருபவரும்தான் இல்லை.

முதலில் கல்லூரிகளைப் பற்றிக் கொஞ்சம். 1964க்கு முன் கறுப்பின மாணவர்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட நிறுவனங்களை 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இப்பெயரில் வகைப்படுத்தியது. இன்று ஏறத்தாழ 100 இருக்கின்றன. பென்சில்வேனியாவின் செய்னி 1837இல் தொடங்கியது. வாஷிங்டனின் ஹோவர்டும் அட்லாண்டாவின் மோர்ஹவுசும் உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1867இல், எழுந்தவை. மற்ற கல்லூரிகள் வாசலை அடைத்திருந்த காலத்தில் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கித் தந்தவை இவை.

ஆனால் பணம் இவற்றிடம் ஒருபோதும் சரிசமமாக வந்து சேரவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித் துறையும் வேளாண் துறையும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதின. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலத்திலுள்ள மற்ற நிலக்கொடைப் பல்கலைக்கழகத்துக்கு (மத்திய அரசு கொடுத்த நிலத்தின் பணத்தில் அமைந்தது) இணையாக நிதி ஒதுக்கியிருந்தால் கிடைத்திருக்க வேண்டிய தொகையை அவை கணக்கிட்டிருந்தன. முப்பது சொச்சம் ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் வராமலே போயிருக்கிறது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி.

இதற்கும் ஸ்டார்ட்அப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூகுள் ஸ்டான்ஃபோர்டில், அரசு தந்த ஆய்வு நிதியில்தான் கருவுற்றது. தேடல் முறைக்கான காப்புரிமையும் அப்பல்கலைக்கழகத்திடமே இருந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பங்குகளை விற்று ஸ்டான்ஃபோர்டு 30 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆய்வகம், காப்புரிமை அலுவலகம், அடுத்த தெருவில் முதலீட்டாளர், பழைய மாணவராகிய முதல் வாடிக்கையாளர் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. ஆராய்ச்சிச் செயல்பாட்டில் முதல்நிலைப் பல்கலைக்கழகம் என்ற தகுதி 2025ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ஹோவர்டுக்குக் கிடைத்தது. இக்கல்லூரிகளில் அந்த நிலையில் இருப்பது அது ஒன்றுதான். சங்கிலியின் முதல் கண்ணியே இப்படி இருக்கும்போது, மாணவரின் திறமையைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அடுத்தது குடும்பப் பணம். முதலீட்டாளரைப் பார்க்கும் முன் அப்பாவிடமும் மாமாவிடமும் நண்பர்களிடமும் திரட்டும் தொகையில்தான் பல நிறுவனங்கள் முதல் ஆண்டை ஓட்டுகின்றன. அமெரிக்க மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒரு வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இந்த இரண்டாவது வீட்டிலிருந்து வரும் பட்டதாரிக்குக் கல்விக் கடனும் இருக்கும். சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பும் இருக்கும். அவரிடம் "மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டு வேறு நகரத்துக்கு வந்து தங்குங்கள், கடைசி நாளில் முதலீட்டாளர்கள் முன் பேசலாம்" என்று சொல்வதில் என்ன நியாயம்? ஆக்சிலரேட்டர் என்ற அமைப்பே அந்த மூன்று மாதச் செலவைத் தாங்கக்கூடியவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. வொய் காம்பினேட்டர் போன்ற பெரிய ஆக்சிலரேட்டர்கள் கையில் பணம் தருகின்றன, உண்மைதான், 1.25 லட்சம் டாலருக்கு 7 சதவிகிதப் பங்கை எடுத்துக்கொள்கின்றன. சில சிறிய திட்டங்களோ பணமே தராமல் பயிற்சிக்காக மட்டும் பங்கு கேட்கின்றன. அப்படி ஒன்றை யாராவது உங்களிடம் காட்டினால், கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

சரியாக அமைந்த உதவிக்கு ஓர் உதாரணம் தருகிறேன். ஜூவல் பர்க்ஸ் சாலமன் ஹோவர்டில் படித்தவர். உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை செய்தபோது, தங்களுக்கு எந்தப் பாகம் தேவை என்று சொல்லத் தெரியாமல் வாடிக்கையாளர்கள் தவிப்பதைப் பார்த்தார். கைபேசியில் ஒரு படம் எடுத்தால் அது எந்தப் போல்ட், எந்தத் திருகு என்று கண்டுபிடித்துச் சொல்லும் பார்ட்பிக் என்ற நிறுவனத்தை அட்லாண்டாவில் நடத்தினார். 2016இல் அமேசான் அதை வாங்கியது. பின்னர் கூகுளின் ஸ்டார்ட்அப் பிரிவுக்கு அமெரிக்காவில் தலைமை ஏற்றார். அங்கே 2020இல் தொடங்கிய கறுப்பின நிறுவனர் நிதி, ஒருவருக்கு 1 லட்சம் டாலர் வரை கொடுத்தது, பங்கு எதுவும் கேட்காமல். அந்தப் பாதையில் நடந்து வந்தவர் ஒருவர் திட்டத்தின் பொறுப்பில் இருந்த காலம் அது. எதை முதலில் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஹதியா முஜித் எச்.பி.சி.யு.வி.சி. என்ற அமைப்பை மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். பணம் கேட்கும் நாற்காலியோடு பணம் கொடுக்கும் நாற்காலியிலும் இவர்கள் உட்கார வேண்டும் என்று, இக்கல்லூரி மாணவர்களுக்கு முதலீட்டுத் தொழிலையே கற்றுத் தர அது இறங்கியது.

கறுப்பினத்தவருக்கு உதவுவதாக 2020இல் பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டு அறிவித்த வாக்குறுதிகளின் வேகம் பிறகு வடிந்துவிட்டது. முதலீட்டுத் தகவல்களைத் திரட்டும் கிரஞ்ச்பேஸ் கணக்குப்படி 2023இல் அமெரிக்கத் துணிகர முதலீட்டில் கறுப்பின நிறுவனர்களுக்குப் போனது அரை சதவிகிதத்துக்கும் குறைவு. அதே ஆண்டில் ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது வழக்கும் வந்தது. கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் கொடை அளித்துவந்த அட்லாண்டா அமைப்பு அது. ஓர் இனத்துக்கு மட்டும் கொடுப்பது பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தவர்கள், விடுதலை பெற்ற அடிமைகள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையைக் காக்க 1866இல் இயற்றப்பட்ட சட்டத்தையே அவர்களுடைய கொள்ளுப்பேத்திகளுக்கு எதிராகத் திருப்பினார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கொடைக்குத் தடை விதிக்கச் சொன்னது. செப்டம்பரில் அமைப்பினர் சமரசம் செய்துகொண்டு அந்தக் கொடையையே மூடிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

"தனியாக எதற்கு" என்ற உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கல்லூரியை அளவுகோலாகக் கொண்ட திட்டம் இனத்தைப் பார்த்து ஆள் பிடிப்பதாகாது. இக்கல்லூரிகள் எந்த இனத்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன. இன்று அங்கே படிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். நிதி மறுக்கப்பட்ட நிறுவனத்துக்கு அதை ஈடுசெய்வதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். நம்மவர்களுக்கும் இப்படி ஒரு வலை தேவைப்பட்டதே! சிலிக்கான் பள்ளத்தாக்கில் 1992இல் டை (TiE) என்ற தெற்காசியத் தொழில்முனைவோர் அமைப்பைத் தொடங்கிய முன்னோடிகள் பின்னால் வந்தவர்களுக்கு முதலீடும் அறிமுகமும் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நாம் இந்த நாட்டுக்குள் வரக் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். குடிமையுரிமைப் போராட்டம் நாட்டை உலுக்கிய காலத்தில்தான் அது சாத்தியமாயிற்று. அந்தப் போராட்டத்தின் மாணவர் படை இக்கல்லூரிகளிலிருந்து வந்தது. 1960இல் கிரீன்ஸ்பரோவில் வெள்ளையருக்கு மட்டுமான உணவக இருக்கையிலிருந்து எழ மறுத்து உட்கார்ந்த நால்வரும் வட கரோலைனா ஏ அண்ட் டி மாணவர்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. பெரிய நிறுவனத்தில் இருக்கிறீர்கள். அதுதான் உங்கள் பலம். சிறிய நிறுவனம் ஒன்று உங்களைப் போன்ற இடத்துக்குப் பொருள் விற்க வந்தால், விற்பனையாளர் பதிவு, காப்பீட்டுச் சான்றிதழ், தகவல் பாதுகாப்புத் தணிக்கை என்று வரிசையாகக் கேட்பார்கள். தணிக்கைச் செலவே அதன் சில மாத வருமானத்தை விழுங்கிவிடும். எல்லாம் முடிந்து ஆர்டர் கிடைத்தாலும், பில் கொடுத்து 60 அல்லது 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். அதுவரை ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பது? கையில் நல்ல பொருளும் கையெழுத்தான ஒப்பந்தமும் வைத்துக்கொண்டே நிறுவனம் மூச்சுத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன்பே உங்கள் கொள்முதல் பிரிவில் ஒருவரைப் பிடியுங்கள். சோதனை முயற்சியாக எத்தனை டாலர் வரை முழுத் தணிக்கை இல்லாமல் வாங்கலாம், சிறு விற்பனையாளருக்கு 15 நாளில் பணம் கொடுக்க வழியிருக்கிறதா, அதற்கு யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தோடு போய் நிறுவனரைப் பாருங்கள். அவருடைய பொருள் உங்கள் நிறுவனத்துக்கு உதவாது என்றால், எந்த நிறுவனத்துக்கு உதவும், அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும் என்று யோசித்து, அன்று மாலையே மின்னஞ்சலில் இருவரையும் அறிமுகப்படுத்திவிடுங்கள்.