ஸ்பாவுக்குப் போனேன், சல்லி போச்சு: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஸ்பா பத்தினதுதான், ஏப்ரல் சீசன் முடிஞ்சா இப்படித்தான். கடிதங்கள சுருக்கிருக்கேன், கோவிச்சிக்காதீங்க.

கேள்வி: சீசனுக்கு நுவரெலியா போனோம். ஒரு மணித்தியால மசாஜ் 6000னு பேஸ்புக்ல போட்டிருந்தாங்க. பில்லு 7788 வந்துச்சு. – தலவாக்கலை

பதில்: கணக்கு சரிதான். 10 வீதம் சேவிஸ் சார்ஜ் சேத்தா 6600, அதுக்கு மேல 18 வீத வற் (VAT) வரி, 2024 ஜனவரில இருந்து அதுதான் வீதம். ஆனா பில்லுல வற் பதிவு நம்பர் இருந்துச்சா? பதிவு இல்லாத இடம் வற்னு சொல்லி ஒரு சதம் கூட வாங்க முடியாது. நம்பர் இல்லேன்னா நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977 நம்பருக்கு போன் எடுத்துச் சொல்லுங்க. சேவிஸ் சார்ஜ் வரியில்ல, அது அவங்க போடுறது. உள்ள போக முன்னுக்கு "எல்லாம் சேத்து எவ்வளவு"ன்னு கேக்க என்ன வெக்கம்? லீக்ஸ் கட்டுக்கு அஞ்சு ரூபா கொறைக்கச் சொல்லி சண்டை பிடிக்கிற ஆளுங்கதானே நாம.

கேள்வி: ஒன்றரை மணித்தியாலத்துல பஞ்சகர்மா செஞ்சு 15,000 வாங்கினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. அது உண்மையான பஞ்சகர்மாவா?

பதில்: வாந்தி எடுக்க வச்சாங்களா? பேதிக்குக் குடுத்தாங்களா? மூக்குல மருந்து விட்டாங்களா? எனிமா குடுத்தாங்களா, ரத்தம் எடுத்தாங்களா? இல்லையா, அப்ப அஞ்சு கருமத்துல ஒரு கருமமும் நடக்கல. எண்ணெ தேச்சு விட்டிருக்காங்க.

கேள்வி: கண்டில ஒரு ஸ்பால கால தொட்டில வைக்கச் சொல்லி மிஷின் போட்டாங்க. அரை மணித்தியாலத்துல தண்ணி செங்கல் கலர். உடம்புல உள்ள நஞ்சு வெளிய வருதாம், 10 தடவை செய்யணுமாம். – ஹட்டன்

பதில்: ஐயோ, இதுல நான் பட்ட பாடு இருக்கே. நாலு வருஷத்துக்கு முன்னுக்கு இதே மிஷின 18,500 குடுத்து வாங்கிட்டு வந்தேன், ஸ்பாவுக்குப் போறத விட இது லாபம்னு நினைச்சு. ஒரு மாசமா நானும் வீட்டுக்காரியும் மாறி மாறி கால வச்சோம், கூட வந்த அட்டைய பாத்து மண்ணிறம்னா ஈரல், பச்சைன்னா பித்தப்பை, செம்மஞ்சள்னா மூட்டுன்னு கொப்பில வேற எழுதி வச்சேன். ஒருநாள் மிஷின போட்டுட்டு ஒக்கார போறேன், போன் வந்துச்சு, கால வைக்காமயே எந்திரிச்சுப் போயிட்டேன், பேசிட்டு வந்து பாத்தா காலே படாத புதுத் தண்ணி அதே மண்ணிறம். யாரோட ஈரல் அது? தண்ணில உப்பு போடுறாங்க, உள்ள எறக்குற துண்டுல இரும்பு இருக்கு, கரண்ட் பாஞ்சா இரும்பு கரைஞ்சு துருவாகுது, நாம பாக்குறது அந்தத் துருவத்தான். உள்ளங்கால்ல வேர்க்கும், அவ்வளவுதான். கழிவ வெளிய தள்ளுறது ஈரலும் கிட்னியும், அதுங்க யார்கிட்டயும் பெக்கேஜ் விக்கிறதில்ல. நம்பலேன்னா அடுத்த தடவை "கால் வைக்காம பத்து நிமிசம் ஓட்டிக் காட்டுங்க"ன்னு கேளுங்க, மூஞ்சிய பாருங்க. சுடுதண்ணில கால வச்சா அலுப்புப் போகும், ஒத்துக்கிறேன், அதுக்கு ஒரு பேசின் போதும் (சீனி வருத்தம் உள்ளவங்க சூட்ட கையால பாத்துட்டு வைங்க, கால் மரத்துப் போயிருந்தா சுட்டாலும் தெரியாது). எங்க வீட்டுத் தொட்டில இப்ப வீட்டுக்காரி கொத்தமல்லி போட்டிருக்கா, அது நல்லா வருது.

கேள்வி: மாத்தளை ரோட்டுல ஒரு ஸ்பைஸ் கார்டன்ல ஓசியா தலைக்கு மசாஜ் பண்ணாங்க. வரும்போது 24,000க்கு எண்ணெ, கிரீம் வாங்கிட்டோம். பில்லு எடுக்கல. திருப்பிக் குடுக்கலாமா?

பதில்: பில்லு இல்லாம எந்தக் கையால குடுப்பீங்க? கேட்டா ரசீது குடுக்கணும்னு சட்டமே இருக்கு. நீங்க கேக்கல.

கேள்வி: அம்மா 32 வருஷம் கொழுந்து பறிச்சவங்க. முழங்கால் வலிக்கு எண்ணெ வைத்தியம்னு 10 தடவைக்கு 45,000 முன்காசா கட்டினோம். மூணு தடவை போனோம், நாலாவது தடவை போர்டையும் காணல, கதவுல பூட்டு. – பதுளை

பதில்: தங்கச்சி, இதுல ஒங்க மேல பிழை ஒண்ணும் இல்ல, அம்மா காலுக்காகக் கட்டின காசு. ஒடனே செய்யுங்க. கச்சேரில (மாவட்டச் செயலகத்துல) இருக்கிற நுகர்வோர் அதிகார சபை கிளைக்கு எழுத்துல முறைப்பாடு குடுங்க, மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், நாள தள்ளாதீங்க. மிச்சம் ஏழு தடவைக்கு 31,500ன்னு தொகையப் போட்டே எழுதுங்க. ரசீது, வாட்ஸ்அப்ல அவங்க அனுப்பினது எல்லாத்தையும் போட்டோ கொப்பி எடுத்து சேருங்க. கார்ட்ல கட்டியிருந்தா பேங்குக்கும் சொல்லுங்க, பொலிஸ்ல ஒரு என்ட்ரியும் போடுங்க. முழங்காலுக்கு அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரில காட்டுங்க, அங்க காசு கேக்க மாட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.

கேள்வி: பிரஷருக்கு மருந்து குடிக்கிறேன். ஸ்டீம் பாத் எடுக்கலாமா?

பதில்: டொக்டர்கிட்ட கேளுங்க. ரிசப்ஷன்ல இருக்கிற பிள்ளைகிட்ட இல்ல.

கேள்வி: சேவிஸ் சார்ஜ் கட்டினதுக்கு அப்புறமும் டிப்ஸ் குடுக்கணுமா? – ஹப்புத்தளை

பதில்: கட்டாயமில்ல. நான் குடுப்பேன், நேரா கைல. போன மாசம் பண்டாரவளைல தோள் பிடிச்சு விட்ட பையன்கிட்ட ஊர கேட்டேன், எங்க தோட்டத்துக்கு அடுத்த டிவிசன். கட்டவிரல்ல தோல் உரிஞ்சு கெடந்துச்சு, அன்னைக்கு நான் ஏழாவது ஆளாம். "சேவிஸ் சார்ஜ் ஒங்களுக்கு வருமா தம்பி"ன்னேன். சிரிச்சிட்டு, மத்தத் தோளத் திருப்பச் சொன்னான்.