அண்ணன்மார் கதையில் எது அசல்?

கேள்வி: காங்கேயம் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கோவில் கும்பாபிஷேகத்திற்கு ஒரு மலர் வெளியிடுகிறோம். அதில் அண்ணன்மார் என்று நாங்கள் கும்பிடும் பொன்னர், சங்கர் கதை இடம்பெற வேண்டும். எங்கள் அப்பாரு (தாத்தா) சொன்ன கதை, அண்ணன்மார் போரில் மாண்டதை நடித்துக் காட்டும் படுகளச் சடங்கில் உடுக்கை அடித்துப் பாடும் உடுக்கடிக்காரரின் கதை, புத்தகத்தில் உள்ள கதை ஆகிய மூன்றும் ஒத்துப்போகவில்லை. எது சரியானது? மூன்றையும் இணைத்து ஒரே கதையாக எழுதிவிடலாமா?

பதில்: இணைக்க வேண்டாம். இணைத்தால், இதுவரை எந்த ஊரிலும் எவரும் பாடாத நான்காவது கதை ஒன்று உங்கள் மலரில்தான் முதன்முதலாகத் தோன்றும்.

கதைகள் வேறுபட மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, உடுக்கடிப் பாட்டுக்காரர் மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பவர் அல்லர். அண்ணன்மாரின் பெற்றோரான குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் பட்ட துன்பம், பிள்ளைகள் பிறப்பு, கொம்பன் என்னும் பன்றியின் வேட்டை, வீரமலைப் படுகளம், மாண்ட அண்ணன்மாரை அவர்கள் தங்கை தங்காள் எழுப்புதல் என்ற நிகழ்ச்சி வரிசையும், வழிவழியாக வந்த வருணனைத் தொடர்களும் அவர் கைவசம் இருக்கும். மற்றவற்றை அன்றைய இரவும் எதிரில் அமர்ந்திருப்பவர்களுமே முடிவு செய்கிறார்கள். மழை வரும்போல் இருந்தால் வேட்டை சுருங்கும்; படுகளத்தில் விழ வேண்டியவருக்கு அருள் வரத் தாமதமானால் போர் நீளும். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965ஆம் ஆண்டில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் இக்கதையைப் பல இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகத் தனியே சொன்ன வடிவமும் கிடைத்தது. ஒரே வாயிலிருந்து வந்த அவ்விரண்டுமே ஒன்றுபோல் இல்லை என்றால், உங்கள் அப்பாருவும் உடுக்கடிக்காரரும் வேறுபடுவதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

இரண்டாவது காரணம், கதையை எந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள் என்பது. உழுகிறவர்களின் வீட்டில், அண்ணன்மாரை எதிர்த்த தலையூர்க் காளி பகைவன். வேட்டுவர்களுக்கோ அவன் தங்கள் குலத்துத் தலைவன். பெண்கள் சொல்லும்போது போர் சில வார்த்தைகளில் முடிந்து, அண்ணன்மாரைத் தேடிக் காடெல்லாம் அலையும் தங்காளின் அழுகை நெடுநேரம் நீள்வதுண்டு. இது நாட்டார் கதைக்கு மட்டும் உரிய இயல்பு என்று எண்ணிவிடாதீர்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். தம் காலத்தவர் எதைக் கேட்கப் பொறுப்பார்கள் என்பது கம்பருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது காரணம் வெறும் எழுத்துப் பிழை. இக்கதையை ஓலைச்சுவடியிலிருந்து எடுத்துக் கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்தார். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. கால் குறியும் (ா) ரகரமும் ஒரே தோற்றத்தில் இருக்கும். ஆகவே ஓர் ஊர்ப்பெயர் இரண்டு வடிவங்களில் ஓரெழுத்து மட்டும் மாறி வந்தால், அதற்குள் வரலாறு தேடுவதைவிட, படி எடுத்தவரின் கண் தடுமாறியதா என்று முதலில் பாருங்கள். நிகழ்ச்சியே மாறியிருந்தால் மட்டும் அது சொன்னவரின் நோக்கு என்று கொள்ளலாம். நான் பார்த்தவரை, மலர் தயாரிப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஓரெழுத்து மாறிய பெயருக்காக மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, மாறிய நிகழ்ச்சியை ஓசையின்றித் திருத்திவிடுகிறார்கள்.

இனி மலருக்கு வருவோம். உங்கள் கோவில் படுகளத்தில் பாடப்படும் வடிவத்தையே அச்சிடுங்கள். புத்தகம் எத்தனை சிறப்பாக இருந்தாலும், உங்கள் ஊர் சாமியாட்டமும் பூசை முறையும் அந்தப் பாட்டோடுதான் பொருந்தும். வீட்டுக்கு அழைத்து உட்கார வைத்துக் கேட்டால் பாட்டுக்காரர் சுருக்கிச் சொல்லிவிடுவார். நோம்பி (திருவிழா) இரவில் அவர் பாடும்போதே, அவருடைய இசைவுடன், கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். எழுதும்போது அவர் பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றாதீர்கள். கதையின் தலைப்பில் பாடியவர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் இருக்கட்டும். அப்பாரு சொன்ன கதை அவர் பெயரோடு தனிப் பக்கத்தில் வரலாம். புத்தகம் மாறுபடும் இடங்களுக்கு அடிக்குறிப்பு போதும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. போர்ப் பகுதியில் எதிர்ப்பக்கத்தாரை ஏசும் வரிகள் வரும். இரவில் பாட்டோடு கரைந்துபோகும் அந்த ஏச்சு, அச்சில் பக்கத்து ஊர்க்காரர் கையில் சேரும்போது வேறு பொருள் கொள்ளும். அந்த வரிகளை விட்டுவிடுவதே நல்லது. விட்ட இடத்தில் புள்ளிகள் இட்டு, விட்டிருப்பதையும் தெரிவித்துவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் முழுவதையும் பாட்டுக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஓரிடத்தை வேறு விதமாகப் பாடிக் காட்டினால், முன்பு பாடியதை அடித்துவிடாமல், புதியதையும் தேதியிட்டு அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.