கணக்கீட்டின் பொருளியலை முதுநிலையில் படிக்கலாமா?

கணக்கீட்டில் பட்டம் பெற்றவர், பொருளியலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தகவலின் மதிப்பிலிருந்து தொடங்குங்கள்.

நம் ஊர்க் காட்சி ஒன்றைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கும் போடியாருக்கு (நில உடைமையாளருக்கு), வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள தன் வயல் தெரியாது. களத்தில் அடுக்கிய மூடைகள்தான் தெரியும். விளைச்சல் குறைந்தால் அது வெள்ளமா, வயலில் பாடுபடும் வயல்காரரின் அசட்டையா? மூடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்து வயலிலும் குறைந்திருந்தால் பழி பெரும்பாலும் வெள்ளத்துக்குத்தான். ஆகவே அயல் வயலின் கணக்கையும் பார்த்தே கூலி பேச வேண்டும். உழைப்பைப் பற்றி புதிதாக எதையாவது சொல்லும் எந்த அளவையும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது பயன் தரும் என்று 1979இல் பொருளியலாளர் பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம் கணித வழியில் நிறுவினார். 2016இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நிறுவனத்தின் உள்ளே முடிவெடுக்க உதவும் முகாமைத்துவக் கணக்கீட்டை நான் நேசிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

இத்துறையின் மற்றொரு கிளை பங்குச் சந்தை பற்றியது. ஆண்டு இலாபச் செய்தியின் பெரும்பகுதி, அறிக்கை வெளிவருமுன்பே விலையில் சேர்ந்துவிடுகிறது என்று 1968இல் ரே போல், பிலிப் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டினர்.

நுண்கணிதம், நிகழ்தகவு, நுண்பாகப் பொருளியல் மூன்றையும் இப்போதே பழகுங்கள். ஐந்தொகை (சொத்து, பொறுப்புகளின் நிலைக்கூற்று) தயாரிக்கும் திறமை மட்டும் இங்கே போதாது.