கெண்டைக்கால் நரம்பா, தசையா? – கடிதம்

வணக்கம் சார். பழனி போய்ட்டு வந்ததை எழுதினப்ப "கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்து ரெண்டு நாள் நடக்க முடியல"ன்னு போட்டிருந்தீங்க. பிசியோதெரபி படிக்கிற எங்க பொண்ணு அதை வாசிச்சுட்டு, நரம்பே இல்லப்பா, தசைன்னு சிரிக்கிறா. அப்படியா? ஏறுறப்ப சும்மா இருந்த காலு இறங்குன மறுநாள் ஏன் வலிக்குது?

அன்புள்ள நண்பருக்கு,

பொண்ணு சொன்னதுதான் சரி. நம்ம ஊர்ல சதை பிடிச்சாலும் நரம்பு, சுளுக்குனாலும் நரம்பு, அந்த வாய்ப்பழக்கத்துல எழுதிட்டேன்.

ஒண்ணு பண்ணுங்க, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னு குதிகாலைத் தூக்கிட்டு திரும்பிப் பாருங்க. ஆடுசதை ரெண்டு கதுப்பா பிரிஞ்சு நிக்கும், உள்பக்கக் கதுப்பு கொஞ்சம் கீழ வரைக்கும் இறங்கியிருக்கும். ரெண்டும் சேர்ந்து ஒரே தசைதான், காஸ்ட்ராக்னீமியஸ். அதுக்கு அடியில தட்டையா இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, சோலியஸ். லத்தீன்ல சோலியான்னா செருப்பு, செருப்பு மாதிரி தட்டையா இருக்கிற ஒரு மீனுக்கும் அதே பேருதான், நாம கெண்டைன்னு சொல்ல அங்கயும் ஒரு மீன் வந்து மாட்டுது பாருங்க.

ரெண்டும் கீழ ஒண்ணா சேர்ந்து குதிகால் எலும்புல போய் ஒட்டுது. ஆனா மேல இருக்கிறது முட்டியைத் தாண்டி தொடை எலும்புல ஆரம்பிக்குது, சோலியஸ் முட்டிக்குக் கீழயே ஆரம்பிச்சிடுது. அதனால முட்டியை மடக்குனா மேல இருக்கிறது தொளதொளன்னு ஆயிடும். ராத்திரி கொரக்களி பிடிச்சா நாம உடனே காலை மடக்கிப் பிடிச்சுக்கிட்டு கத்துறோம், அதுல பிரயோஜனம் இல்ல, காலை நேரா நீட்டி பாதத்தை நம்ம பக்கம் இழுக்கணும், அப்பத்தான் அந்த தசை நீண்டு விடும்.

படி விஷயம் என்னன்னா, ஏறுறப்ப தசை சுருங்கி நம்மளைத் தூக்குது, அது அதுக்குப் பழகுன வேலை. இறங்குறப்ப முன்பாதம் முதல்ல ஊன்றி, மொத்த எடையும் மெதுவா குதிகாலுக்கு வர்ற வரைக்கும் தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்கணும், இப்படி நூத்துக்கணக்கான படி பிரேக் பிடிச்சா உள்ள நார்ல நுண்ணிய கிழிசல் விழுது, வலி ஒரு நாள் கழிச்சுத்தான் வரும். ரோப் கார்ல ஏறிட்டுப் படியில இறங்குனாலும் இதே கதிதான், ஏறுற மூச்சிரைப்பு மட்டும் மிச்சம்.

என் தப்புக்கு ஒரு சாக்கும் இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல பிளாண்டாரிஸ்னு ஒரு குட்டித் தசை உண்டு, சதை முட்டிக்குப் பின்னாடி விரல் நீளம்தான், மிச்சமெல்லாம் நூல் மாதிரி ஒரு தசைநாண் குதிகால் வரைக்கும் ஓடும். சில பேருக்கு அது இருக்கிறதே இல்ல. உடற்கூறு வகுப்புல புதுசா வர்ற பசங்க அதை நரம்புன்னு நெனச்சு ஏமாறுறது பழைய கதை, இங்கிலீஷ்ல அதுக்கு முதல் வருஷக்காரன் நரம்புன்னே பட்டப்பேரு இருக்கு.

உங்க பொண்ணு எத்தனையாவது வருஷம்? அந்த நூலைப் பாத்து அவளும் ஒருதரம் நரம்புன்னு சொல்லியிருக்காளான்னு மெதுவா கேட்டு எழுதுங்க.