வீட்டு முகவர்கள் ஒரு ஹோம் இன்ஸ்பெக்ரரின் பெயரை எப்போது சொல்லுவார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி: "ரொறன்ரோவில் ஹோம் இன்ஸ்பெக்சன் (வாங்க முன் வீட்டின் குறைகளைப் பரிசோதிக்கும் வேலை) படிப்பை முடித்துத் தொழில் தொடங்கியிருக்கிறேன். வேலை எல்லாம் வீட்டு முகவர்கள் மூலம்தான் வரும் என்கிறார்கள். அவர்களோடு எப்படிப் பழகுவது? வேலை தந்தால் கொமிசன் கொடுக்க வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாது. காசாகவும் கூடாது, கிஃப்ற் கார்ட்டாகவும் கூடாது. ஒரு புரோக்கரேஜின் (முகவர்கள் வேலை செய்யும் கொம்பனியின்) பரிந்துரைப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு "விளம்பரக் கட்டணம்" என்று கேட்டாலும் கூடாது. ஆஷி, இன்ரர்நாச்சி என்கிற இரண்டு இன்ஸ்பெக்ரர் சங்கங்களின் ஒழுக்கக் கோவைகளிலும் இது எழுத்தில் இருக்கிறது: பரிந்துரைக்காகவோ பட்டியலில் இடம் பெறுவதற்காகவோ முகவருக்கு நேராகவும் சுற்றிவளைத்தும் எதுவும் கொடுக்கக் கூடாது.

ஒன்ராறியோவில் இதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009 இலிருந்தும் அல்பேர்ட்டாவில் 2011 இலிருந்தும் லைசன்ஸ் இல்லாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. ஒன்ராறியோவில் 2017 இல் ஹோம் இன்ஸ்பெக்சன் சட்டம் நிறைவேறியது, ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. விசிற்றிங் கார்ட் அடித்த எவரும் இங்கே இன்ஸ்பெக்ரர்தான். வீடு வாங்குகிறவர் உங்களை நம்புவதற்கு இருக்கிற பிடி, உங்கள் சங்கத்தின் விதிகளும், வீட்டுப் பரிசோதனைக்கான சிஎஸ்ஏ ஏ770 என்கிற கனடியத் தரநிலையும், உங்கள் தொழில் காப்புறுதியும்தான். மாசசூசெற்ஸ் மாநிலத்தில் விற்பவரின் முகவர் ஒரு குறிப்பிட்ட இன்ஸ்பெக்ரரைப் பரிந்துரைப்பதையே சட்டம் தடுக்கிறது. வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட முகவருக்கு மட்டும்தான் விலக்கு. வீடு விற்றால்தான் கமிசன் என்றிருக்கும் ஒருவர், வீட்டின் குறை சொல்ல வேண்டியவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். இதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் விளங்கியிருக்கிறார்கள். நாமும் விளங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் முகவர் எதற்காக உங்கள் பெயரைச் சொல்லுவார்?

கனபேர் நினைப்பது, "மெல்லமாக எழுதுகிற" இன்ஸ்பெக்ரரைத்தான் முகவர்கள் விரும்புவார்கள் என்று. அப்படியான முகவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் இதே ஊரில், இதே சனத்துக்கு வீடு வாங்கிக் கொடுத்துப் பிழைக்கிற முகவரின் பயம் வேறு. வாங்கி ஆறு மாதத்தில் பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வந்தால், அந்தக் குடும்பம் அவரது பெயரைத்தான் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் சொல்லும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்ச் சனத்துக்குள் செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். அவர் குறைகளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. குறையைக் கேட்டு வாங்குபவர் பதறுவதற்கும், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதற்கும்தான் பயப்படுகிறார்.

அவரது நேரக்கணக்கையும் பாருங்கள். இன்ஸ்பெக்சன் கொண்டிசன் போட்ட ஒஃபருக்கு, அதாவது பரிசோதனை திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்கிற ஒஃபருக்கு, பெரும்பாலும் ஐந்து வேலை நாள்தான் கிடைக்கும். சில வேளை அதற்கும் குறைவு. அதற்குள் நீங்கள் பார்த்து, றிப்போர்ட் கொடுத்து, வாங்குபவர் அதை வாசித்து, எலக்ற்றீசியனிடமோ கூரைக்காரரிடமோ விலை கேட்டு, விற்பவரோடு பேரம் பேசி, கொண்டிசனை விலக்கி வாங்குவதா, வீட்டைக் கைவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். "அடுத்த செவ்வாய்தான் வரமுடியும்" என்கிற இன்ஸ்பெக்ரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் அவரால் பயன் இல்லை. போனை எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் திருப்பி அழையுங்கள். அன்றிரவே றிப்போர்ட்டை அனுப்புங்கள். முதல் வருடத்தில் வேலை தேடித் தருவதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம்.

மிச்சம் எல்லாம் பேச்சில் இருக்கிறது. ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

1970களின் தொடக்கத்தில் கட்டிய ஒரு மால்வேர்ன் வீடு. எலக்ற்றிக் பனலைத் திறக்கிறீர்கள், அலுமினிய வயர். வாங்க வந்த தம்பதி பின்னால் நிற்கிறார்கள், பிள்ளை படிக்கட்டில் இருக்கிறது, முகவர் போனைப் பார்த்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருக்கிறார். ஒரு இன்ஸ்பெக்ரர் "ஐயோ, அலுமினியம்! நெருப்புப் பிடிக்கிற வீடு, முழுக்க மாத்தோணும்" என்பார். இன்னொருவர் முகவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஏரியாவில எல்லா வீடும் இப்பிடித்தான், ஒண்டும் யோசியாதைங்கோ" என்பார். இரண்டு பேரும் அந்தத் தம்பதிக்குத் துரோகம் செய்கிறார்கள்.

சொல்ல வேண்டியது இது. "இந்த வீட்டில் அலுமினிய வயரிங் இருக்கிறது. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் பிற்பகுதி வரை கட்டிய வீடுகளில் இது காணக்கூடியது. நீளமாக ஓடுகிற வயரில் பெரிதாகப் பிரச்சினை இல்லை. பிளக், சுவிச் போன்றவற்றோடு அது சேருகிற இடங்களில் இறுக்கம் குறைந்து, ஒக்சைட் படிந்து, சூடேறலாம். அதுதான் ஆபத்து. லைசன்ஸ் உள்ள எலக்ற்றீசியன் ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்த்து, அலுமினியத்துக்கென்று அங்கீகரித்த கொனெக்ரரால் செம்புத் துண்டு சேர்த்துத் திருத்துவார். மின் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றும் எடுக்கலாம். இன்றைக்கே உங்கள் காப்புறுதிக்காரருக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். சில கொம்பனிகள் அந்தச் சான்று இல்லாமல் வீட்டை எடுக்காது. கொண்டிசன் முடிந்த பிறகு கேட்டு வேலையில்லை."

இதில் எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. வாங்குபவர் அடுத்த காலை என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். முகவருக்கும் விற்பவரிடம் போய்க் கதைக்க ஒரு தெளிவான விடயம் கிடைக்கிறது. இதை ஒருமுறை நேரில் கேட்ட நல்ல முகவர் உங்கள் நம்பரைச் சேமித்து வைப்பார். நீங்கள் ஒன்றும் கேட்கத் தேவையில்லை.

பேஸ்மென்ற் விடயம் இதைவிடக் கடினம். எங்கள் சனத்தில் நிறையக் குடும்பங்கள் பேஸ்மென்ற் வாடகையை நம்பித்தான் மோட்கேஜ் கட்டுகின்றன. விளம்பரத்தில் தனி வாசல், இரண்டு அறை, குசினி என்று இருக்கும். முகவர் உங்களிடம் எதிர்பார்ப்பது "ஓம், வாடகைக்கு விடலாம்" என்கிற ஒரு சொல். அதை நீங்கள் சொல்லக் கூடாது, ஏனென்றால் அது சட்டப்படியானதா என்று அத்தாட்சி தருகிற அதிகாரம் உங்களுக்கு இல்லை. கண்ணால் கண்டதை எழுதுங்கள்: கூரை உயரம் எவ்வளவு, படுக்கையறை யன்னலால் ஒரு ஆள் வெளியேற முடியுமா, மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையில் நெருப்புத் தடுப்பு இருக்கிறதா, புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கிறதா. பிறகு, நகரசபையின் கட்டடப் பிரிவில் பேமிற் எடுத்துக் கட்டியதா என்று லோயர் மூலமோ நேரிலோ விசாரிக்கச் சொல்லுங்கள். பொறுப்பான முகவர் இதற்கு நன்றி சொல்லுவார், ஏனென்றால் பின்னால் பிரச்சினை வந்தால், முகவர்களைக் கட்டுப்படுத்தும் றீகோவுக்கு முறைப்பாடு போவது அவர் பெயரில்தான். முகம் சுழிக்கிற முகவரையும் இந்த இடத்தில்தான் அடையாளம் காண்பீர்கள்.

அந்தச் சுழிப்பு எங்கள் ஆட்களிடம் உறவுமுறையோடு வரும். "அண்ணை, பாத்து எழுதுங்கோ, பிள்ளைகள் ஆசைப்பட்டிட்டினம்" என்பார்கள். முகவர் உங்கள் மச்சானின் பள்ளிக்கூட நண்பராக இருப்பார், அல்லது ஒரே ஊர்ச் சங்கத்தில் இருப்பார். கோபப்படாதீர்கள், விளக்கவும் போகாதீர்கள். "பாத்துத்தான் தம்பி எழுதுறன், அதுக்குத்தானே காசு வாங்குறன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு மேலே அட்டிக்குக்கு ஏறுங்கள். இரண்டு தரம் இப்படிச் சொன்னால் மூன்றாம் தரம் கேட்கமாட்டார்கள். அல்லது கூப்பிடமாட்டார்கள். இரண்டும் நல்லதுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: றிப்போர்ட் உங்கள் வாடிக்கையாளருடையது. வாங்குபவரின் முகவருக்குக்கூட அவரது அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது, விற்பவரின் முகவர் கேட்டால் சொல்லவே வேண்டாம். வேலை தொடங்க முன் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்திலேயே "முகவருக்கு ஒரு பிரதி அனுப்பலாமா" என்று ஒரு கட்டம் வைத்துவிடுங்கள். முகவரும் கரைச்சல் இல்லாமல் பெறுவார், நீங்களும் விதிக்குள் நிற்பீர்கள்.

புதிய முகவர்களை எங்கே சந்திப்பது? ஓப்பன் ஹவுஸ் ஒவ்வொன்றாகப் போய்க் கார்ட் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் வாங்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கார்ட் காருக்குள் கிடக்கும். அதைவிடப் புரோக்கரேஜ்களின் வாராந்தக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கேளுங்கள். உங்களைப் பற்றிப் பேசாமல் ஒரேயொரு விடயத்தைப் பற்றிப் பேசுங்கள். கைற்றெக் குழாய் நல்ல தலைப்பு. ஏறக்குறைய 1995 முதல் 2007 வரை வீடுகளிலும் கொண்டோக்களிலும் போட்ட, நாள் போக இணைப்புகளில் அரித்து வெடிக்கக்கூடிய செம்மஞ்சள், நீலத் தண்ணீர்க் குழாய்கள். எங்கே தேடிப் பார்ப்பது, சிங்குக்குக் கீழே எப்படி இருக்கும், உண்மையான இணைப்பு ஒன்றைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அது தொடர்பான வழக்கின் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது என்பதையும், இனி மாற்றுகிற செலவு வீட்டுக்காரருடையது என்பதையும் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஷோயிங் போகிற ஒரு முகவர் சிங்குக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவார். உறவு அங்கே தொடங்கும்.

அந்தக் கூட்டத்திலேயே, "என் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள், மூன்று பேரின் பெயரைக் கொடுங்கள், அதில் நானும் ஒருவனாக இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். முகவருக்கு அது பாதுகாப்பு, வாங்குபவருக்குத் தெரிவு. உங்கள் தொழில் காப்புறுதி பரிந்துரைத்தவரையும் சேர்த்துக் காக்கிறதா என்று பொலிசியைப் பாருங்கள். சிலவற்றில் அந்தப் பிரிவு இருக்கும். இருந்தால் முகவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள் அதை மதிப்பார்கள்.

ஆனால் முகவர்களை மட்டும் நம்பி இராதீர்கள். 2021 இலும் 2022 இன் தொடக்கத்திலும் இங்கே சனம் கொண்டிசன் எதுவும் இல்லாமல் ஒஃபர் போட்டது. முகவர் வழி வேலையை மட்டும் நம்பியிருந்தவர்களின் போன் அப்போது ஓய்ந்து கிடந்தது. பிறகு கனடா வங்கி 2022 மார்ச்சில் 0.25 வீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்குக் கொண்டுபோக, சந்தை அடங்கி, கொண்டிசன்களும் திரும்பி வந்தன. அந்த ஏற்ற இறக்கத்தில் தாக்குப்பிடிக்க வேறு வாசல்கள் வேண்டும். லோயர்கள், மோட்கேஜ் முகவர்கள், காப்புறுதிக்காரர்கள், முன்பு நீங்கள் பார்த்துக் கொடுத்த வீட்டுக்காரர்கள். ஏஜக்ஸ், பிக்கரிங், விற்பி பக்கம் புதுவீடு எடுத்த குடும்பங்களுக்கு ராறியன் (ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாத அமைப்பு) உத்தரவாதம் ஒரு வருடம், இரண்டு வருடம், ஏழு வருடம் என்று மூன்று படியாக இருக்கிறது. முதல் வருடம் முடிய முன் ஒரு முழுப் பரிசோதனை செய்து குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால் பில்டரிடம் திருத்துவிக்கலாம். இந்த வேலையில் விற்பனையே இல்லை, முகவரும் இல்லை. முகவர் வழி வருமானம் பாதிக்குக் கீழே இருந்தால், ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் றிப்போர்ட்டில் ஒரு சொல்லை மாற்ற உங்களுக்கு மனம் வராது.

என்ன செய்தாலும் சில வேளை உங்கள் றிப்போர்ட்டால் வியாபாரம் உடையும். "டீல் கில்லர்" என்று சிலர் பெயரும் வைப்பார்கள். அன்று முகவரைச் சமாதானப்படுத்தப் போன் எடுக்க வேண்டாம். வாங்குபவருக்கு எடுத்து, றிப்போர்ட்டில் விளங்காதது ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அந்த முகவர் நல்லவர் என்றால் அதே குடும்பத்தை அடுத்த வீட்டுக்கு உங்களிடமே கூட்டிக்கொண்டு வருவார். இரண்டாவது வீட்டுக்கு அவர்களிடம் கட்டணத்தைக் குறைத்து வாங்குங்கள். குறைத்த தொகை வாங்குபவரின் இன்வொய்சில் அவர் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.