வார்டுக்கே வந்து கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் கைத்தறி நெசவாளி. இரண்டு மாதம் முன்பு பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் பைக்கில் போனவரை கார் இடித்து, வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வார்டுக்கே ஒருவர் வந்து, "செலவெல்லாம் எங்க வக்கீல் பாத்துப்பார், வர்ற பணத்துல முப்பது பர்சன்ட் கொடுத்தா போதும்" என்றாராம். வக்காலத்தில், அதாவது அந்த வக்கீலை நமக்காக நியமிக்கிற தாளில், கையெழுத்து போடலாமா என்று கேட்கிறார்.

போடாதீங்க அம்மா. ஆள் அனுப்பி கேஸ் பிடிப்பதும் சரி, இழப்பீட்டில் பங்கு பேசுவதும் சரி, இரண்டையுமே பார் கவுன்சில் விதிகள் வக்கீலுக்குத் தடை செய்திருக்கின்றன. ஊரில் நடக்கவில்லையா என்றால் நடக்கிறது, நானும் வேலூர் கோர்ட்டில் வக்கீலாகத்தான் இருக்கிறேன். ஆனால் முதல் நாளே விதியை மீறுகிறவர் கடைசி நாள் கணக்கை மட்டும் ஒழுங்காகக் காட்டுவார் என்று எப்படி நம்புவது?

அதற்காக ஆறப்போடவும் வேண்டாம். 2022 ஏப்ரல் 1-லிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் கெடு வைத்துவிட்டார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, அதை நம்பி நாளைத் தள்ளாதீர்கள். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் விபத்து கேஸ் நடத்துகிற இரண்டு மூன்று பேரையாவது பாருங்கள். அவர்கள் சொல்கிற தொகையை விட, உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "பத்து லட்சம் வாங்கித் தர்றேன்" என்பவரை விட்டுவிடலாம். எஃப்.ஐ.ஆர். எங்கே, முதலில் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்களா சிஎம்சி ஆஸ்பத்திரிக்கா, அங்கே போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கையில் இருக்கிறதா என்று கேட்கிறவர்தான் வேலை தெரிந்தவர். அந்த ஏ.ஆர். ஒரே ஒரு தாள்தான். ஆனால் அழுகையும் அவசரமுமாக நிற்கும்போது கூட வந்தவர் ஏதோ சொல்ல, "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்று பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தூக்குவது அதைத்தான்.

அடுத்தது தொழில். மெடிக்கல் போர்டு ஊனத்துக்கு ஒரு சதவீதம் போட்டுக் கொடுக்கும், அதோடு கணக்கு முடிந்துவிடாது. அந்த ஊனத்தால் அவர் செய்கிற வேலையில் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும் என 2010-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும், குழித்தறியில் இறங்கி நாள் முழுக்க மிதி மிதிக்கிறவருக்கும் அதே கால் முறிவு ஒன்றாகுமா? கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரென்றால் கூலி பட்டுவாடா விவரம், பாஸ்புக், நெசவாளர் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். "வீட்டுக்காரர் தறியில் என்ன செய்வார்?" என்று ஒரு வார்த்தை கூடக் கேட்காத வக்கீலிடம் கேஸைக் கொடுக்காதீர்கள்.

ஃபீஸை ஒரு தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள், கொடுக்கும்போதெல்லாம் ரசீது கேளுங்கள். கையில் காசே இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் போடுவார்கள், 15100-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்து போட்டுவிட்டீர்களா? பரவாயில்லை, வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அப்புறம், வெற்றுத்தாளிலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பணம் உங்கள் கணவர் கணக்குக்குத்தான் வர வேண்டும். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும், எந்த வக்கீல் ஆபீசிலும் வேண்டாம், அது என் ஆபீசாகவே இருந்தாலும்.